விசில் மாமாவுக்குக் கன்ட்ரோல் மூன்று வேளை

என் மாமா எதற்கெல்லாம் விசில் அடித்திருக்கிறார் என்று ஒருநாள் உட்கார்ந்து பட்டியல் போட்டுப் பார்த்தேன். பின்னால் நகரும் கார். முன்னால் நகரும் கார். நகராத கார். கேட்டைத் தாண்டி உள்ளே வரும் கொரியர்காரர், தாண்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கொரியர்காரர். புறா. நான்காம் மாடிக் கொடியிலிருந்து காற்றில் மிதந்து இறங்கிய ஒரு துண்டு. பலமாகத் தும்மிய ஒரு பேராசிரியர். ஒரு மாலை வெயிலில் தன் நிழலுக்கே அடித்தார் என்று எதிர்க் கடைக்காரர் சொல்வார். மாமா அதை ஒப்புக்கொண்டதில்லை. "நிழலுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தான்" என்பார்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. நூற்றிருபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் நேரக் காவலாளி. குடியிருப்பில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. விசில் என்றால் தெரியும். ஆய்வகத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து நான் தங்கியிருப்பது அவர் வீட்டில்தான். இரண்டு அறைகள், ஒரு சமையல்கட்டு. அதற்குள் மாமா, அத்தை, நான், என் பட்டமளிப்புப் புகைப்படம். நால்வரில் புகைப்படத்துக்குத்தான் அதிக இடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால் அத்தை அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மின்விசிறிக் காற்று நேராகப் படும் சுவரில் மாட்டியிருந்தார். கறுப்பு அங்கியில் எனக்கு வியர்த்துவிடுமாம்.

மாமா பிறவியிலேயே இப்படி இல்லை. இருபது வருடம் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் கிடங்குக் காவலராக இருந்தார். அந்தக் காலத்தில் அவரைப் போல நிதானமான ஆளைப் பார்க்க முடியாது என்று அம்மா சொல்வாள். ஒருநாள் மதியம் கிடங்கு ஜன்னலில் லேசாகப் புகை தெரிந்திருக்கிறது. எவனோ ஒளிந்து பீடி குடிக்கிறான், இரண்டு நிமிடம் கழித்துப் போய்ப் பிடிக்கலாம் என்று மாமா நினைத்திருக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில் நானூறு மெத்தைகளும் மாமாவின் இடது புருவமும் தீயில் போய்விட்டன. ஆளுக்கு ஆபத்தில்லை. மெத்தைகளைத் திரும்பச் செய்துவிட்டார்கள். புருவம் மட்டும் வரவேயில்லை. அதன்பிறகு மாமா உலகத்தில் எதற்கும் இரண்டு நிமிடம் கொடுப்பதில்லை.

போன மாதம் ஒன்றாம் தேதி அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பல் டாக்டர். முந்தின நாள் அவர் காரைப் பின்னால் எடுத்தபோது மாமா விசில் அடிக்க, அவர் பதறி பிரேக்கை மிதிக்க, மறுநாள் யாருக்கோ பொருத்துவதற்காக எடுத்து வைத்திருந்த பல்செட் ஒன்று எகிறி வந்து அவர் மடியில் விழுந்திருக்கிறது. பல்செட் கடித்தது என்று அவர் எழுதவில்லை. 'காயம்' என்று மட்டும் எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி இது: ஏற்கெனவே மூன்று புகார்கள் வந்துள்ள நிலையில், இந்த மாத இறுதிக்குள் தங்களைப் பற்றி இன்னும் ஒரு புகார் வந்தாலும் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள்.

மாமாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒற்றைப் புருவத்தோடு ஒருவர் வேலை கேட்டுப் போனால் எந்தக் கேட்டும் கொஞ்சம் யோசிக்கும். அது போகட்டும், அந்தக் கேட்டை விட்டால் மாமாவுக்கு வேறு எதிலும் மனசு ஒட்டாது. விடுமுறை நாளில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைக்குப் போய் வரும் அத்தையை "எங்க போயிட்டு வர்ற, பையில என்ன?" என்று கேட்டுத்தான் உள்ளே விடுவார். வேலை போனால் அத்தைக்கு அது தினமும் நடக்கும். அத்தை கடிதத்தை என்னைவிடக் கவனமாகப் படித்ததற்கு அதுதான் காரணம்.

சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை கடிதத்தைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, நீ அந்த ஆபீஸ்ல என்னதான் பண்ற? இத்தனை மாசத்துல ஒரு நாளாவது புரியிற மாதிரி சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. சொல்ல வராததுதான் காரணம். படித்ததெல்லாம் ஒரு மொழியில், சாப்பாடு கேட்பது இன்னொரு மொழியில். ஆய்வகத்தில் மணிக்கணக்காகப் பேசுகிற விஷயத்தை வீட்டுக்கு வந்து சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு திக்குகிறது. இதை எனக்குப் புரிந்துதான் செய்கிறேனா, இல்லை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறேனா என்று அப்போதெல்லாம் சந்தேகம் வரும். அன்று எப்படியாவது சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன்.

"மூளைக்குள்ள காவல் செல்னு ஒரு வகை இருக்கு அத்தை. கிருமி வருதா, எங்கயாவது அடிபட்டிருக்கான்னு சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருக்கும். ஏதாவது வந்தா சண்டை போடும். சில சமயம் வந்தது போன பிறகும் சண்டையை நிறுத்தாது. அப்போ பக்கத்துல சும்மா இருக்கிற நல்ல செல்லும் அடிபட்டுக் கெட்டுப்போகும். அதுக்குப் பேர் அழற்சி."

"அயர்ச்சியா?"

"அழற்சி."

"சுழற்சி" என்றார் மாமா, எனக்கு உதவி செய்வதுபோல.

"எரிச்சல்னு வச்சுக்கோங்க" என்றேன். "அந்த எரிச்சலை மருந்தால குறைக்க முடியுமான்னு பாக்குறோம்."

தவறு நடந்தது இந்த இடத்தில்தான். புண் எரிவதும் எரிச்சல். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் வருவதும் எரிச்சல். நான் முதலாவதைச் சொன்னேன். அத்தை இரண்டாவதை வாங்கிக்கொண்டார்.

"மூளையில இருக்கிற காவல்காரனுக்கு எரிச்சல்" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "வந்தவன் போன பிறகும் அடங்க மாட்டான். பக்கத்துல சும்மா இருக்கிறவனையும் விட மாட்டான். அதுக்கு மருந்து."

"ஆமா."

இருவரும் மாமாவைப் பார்த்தோம். அவர் ஜன்னல் ஓரத்தில் வந்து நின்ற ஒரு பல்லியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு கொண்டா" என்றார் அத்தை.

"அத்தை, அது மனுஷங்களுக்கு இல்ல. தட்டுல வளர்ற செல்லுக்கு."

"தட்டுல வளர்றதுக்கெல்லாம் கொடுப்ப. உனக்குத் தட்டுல சாப்பாடு போட்ட மாமனுக்குக் கொடுக்க மாட்ட."

"எனக்கு என்ன எரிச்சல்? எனக்கு ஒரு எரிச்சலும் இல்ல" என்று மாமா எரிந்து விழுந்தார்.

எங்கள் தட்டில் சாப்பாடு போட முடியாது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் சில ஆயிரம் காவல் செல்கள். அவை சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. மெல்லிய கைகளை நாலாபக்கமும் நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்தபடியே இருக்கும். செத்த கிருமியின் தோல் துகளைக் கொஞ்சம் தூவினால் போதும். கிருமி இல்லை, தோல்தான். செல்லுக்கு அதெல்லாம் தெரியாது. கைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டு, ரசாயனங்களைக் கக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை இப்படி மிரண்ட செல் அடுத்த முறை இன்னும் சின்ன விஷயத்துக்கு இன்னும் பெரிதாகக் கத்தும். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு நானூறு மெத்தைகள் ஞாபகம் வந்தன.

கத்தலை அளக்க ஒரு சாயம் உண்டு. செல் எவ்வளவு கக்குகிறதோ அவ்வளவுக்குக் குழி ரோஜா நிறமாகும். முகப்பருவுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் ஒரு பழைய மாத்திரையைக் கரைத்து விட்டால் அந்த ரோஜா நிறம் வெளுக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. சில தட்டுகளில் வெளுக்கிறது, சிலவற்றில் இல்லை. குறையலாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல, ஆய்வகத்தை நடத்தும் எங்கள் மேடம் விடமாட்டார். என் முதல் மாதத்தில் ஒரு தட்டு முழுக்க ஒரு துளி ரோஜா நிறமில்லாமல் பளிங்குபோல இருந்தது. சாதித்துவிட்டேன் என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "அமைதியாதான் இருக்கு" என்றார். "செத்துப்போயிருக்கு. மருந்தை எவ்வளவு ஊத்தின?" பிறகு நிமிர்ந்து, "காவல்காரனைக் கொன்னுட்டா சத்தம் இருக்காதும்மா. அப்புறம் திருடன் வந்தா யார் கூப்பிடுவா?" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தட்டில் சில குழிகளுக்கு மருந்து கிடையாது. வெறும் உப்புத் தண்ணீர்தான். மருந்தால் மாறியதா, எதையோ ஒன்றை ஊற்றியதாலேயே மாறியதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அந்த உப்புத் தண்ணீருக்கு எங்கள் பாஷையில் கன்ட்ரோல் என்று பெயர். விரல் நீளக் குழாய்களில் நிரப்பி, 'கன்ட்ரோல் 1', 'கன்ட்ரோல் 2', 'கன்ட்ரோல் 3' என்று எழுதி ஒட்டி வைப்பேன்.

இரண்டாம் வாரம் வீடு கொஞ்சம் மாறியிருப்பது தெரிந்தது. முதலில் எனக்கு அது சத்தமாகத் தெரியவில்லை, சத்தம் இல்லாததாகத் தெரிந்தது. மாமாவுக்கு விடுமுறையான ஒரு நாள் மாலை அத்தை கடையிலிருந்து வந்தார். மாமா நாற்காலியில் இருந்தபடியே காலைக் கொஞ்சம் மடக்கி வழி விட்டார். பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு நாள் பக்கத்து வீட்டு மிக்ஸி திடீரென்று அலறியது. மாமாவின் கை, கழுத்தில் விசில் தொங்கும் கயிறுவரை போய், ஏதோ மறந்துவிட்டதுபோல அங்கேயே நின்று, திரும்பி வந்து முழங்காலைச் சொறிந்தது.

"மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"இப்பத்தான் சரியாயிருக்கு" என்றார்.

இருபதாம் தேதி மாலை மாமாவே என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பன்னெண்டு நாளாச்சு, நான் ஒரு விசில் அடிக்கலை" என்றார். "அடிக்கணும்னுதான் தோணுது. உள்ளேருந்து கிளம்பி வாய் வரைக்கும் வருது. அங்க யாரோ கை காட்டி நிறுத்திடுறாங்க. நல்ல மருந்தும்மா அது."

"எந்த மருந்து?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். என் வெள்ளைக் கோட்டைத் துவைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கொண்டுவரவே கூடாது, விதி இருக்கிறது. ஆனால் என் கோட்டு மற்றவர்களுடையதைவிட மங்கலாக இருக்கிறதோ என்று எனக்கு ஒரு கூச்சம். அதன் பையில் ஒரு குழாய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. துவைக்க எடுத்த அத்தை, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். கன்ட்ரோல். மாமாவுக்குக் கன்ட்ரோல் வர வேண்டும் என்றுதானே இத்தனை பாடு. கேட்டபோது முறுக்கிக்கொண்ட மருமகள், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் கோட்டுப் பையில் வைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோய்விட்டாராம்.

"எவ்வளவு கொடுத்தீங்க? எங்க அந்தக் குழாய்?"

"கத்தாதடி. அளவாத்தான் கொடுத்தேன். அதுலயே போட்டிருந்துச்சே, மூணுன்னு. மூணு சொட்டு, மூணு வேளை, டீயில."

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து குழாய் வந்தது. 'கன்ட்ரோல் 3'. என் கையெழுத்துதான். வெறும் உப்புத் தண்ணீர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, விக்கல் பிடித்துக்கொண்டது. அத்தை அவசரமாகக் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் கோட்டுக்காகத் திட்டினார். அடுத்து குழாய்க்காக. உப்புத் தண்ணீராகப் போனது என் அதிர்ஷ்டம் என்றும், வேறு குழாயாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் யோசித்துப் பார்க்கும்படியும் சொன்னார். ஏற்கெனவே யோசித்திருந்தேன். பிறகு பேனாவைக் கையில் எடுத்தார்.

"எத்தனை நாளா விசில் இல்ல?"

"பதிமூணு நாள், மேடம்."

"அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாப்பது, அம்பது இருக்கும்."

ஏதோ ஒரு தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "ஒரே ஒரு மாமாவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. குறைஞ்சது மூணு மாமா வேணும்."

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்போது சொல்வது என்பதில்தான். மாத முடிவுக்குப் பத்து நாள் இருந்தது. சொன்னால் விசில் திரும்பி வரும். விசில் வந்தால் புகார் வரும். புகார் வந்தால் வேலை போகும். சொல்லாவிட்டால், இந்த வீட்டிலேயே படித்த ஒரே ஆள் உப்புத் தண்ணீரை மருந்தென்று விற்றதாக ஆகும். என்னை எதற்குப் படிக்க வைத்தார்கள்? நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றா, சரியாகச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றா? பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கும் அளவுக்கு யோசித்தேன். திரும்பி நடந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"மாமா, அது மருந்தே இல்ல. வெறும் உப்புத் தண்ணி."

மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஆபீஸ்ல யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல மாமா. எங்க பாஷையில கன்ட்ரோல்னா மருந்தே போடாததுன்னு அர்த்தம்."

"டிவிக்குக் கன்ட்ரோல் இருக்கு. ரயிலுக்குக் கன்ட்ரோல் ரூம் இருக்கு. ஊரெல்லாம் கன்ட்ரோல்னா கன்ட்ரோல்தான். உங்க ஆபீஸ்ல மட்டும் ஒண்ணுமே இல்லையா?"

அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

"பயந்துட்டா, பாவம்" என்றார் அத்தை. "மருந்து வெளிய போனது தெரிஞ்சா வேலைக்கு ஆபத்தாச்சே. நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம் கண்ணு."

குழாயைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் காலை டீ போடும்போது பார்த்தால் குழாய் நிரம்பியிருந்தது. அத்தை தண்ணீரைக் காய்ச்சி உப்புப் போட்டுக் கலக்கி ஊற்றியிருந்தார்.

"நீதானே சொன்ன, உப்புத் தண்ணின்னு."

"அப்போ நான் சொன்னதை நம்புறீங்களா?"

"தண்ணி எதுவா இருந்தா என்னடி? பேர் அதே பேர்தானே ஒட்டியிருக்கு."

அவர்கள் என்னை நம்பவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. நிம்மதி எத்தனை பங்கு, வெட்கம் எத்தனை பங்கு என்று காட்டும் சாயம் எதுவும் எங்கள் ஆய்வகத்தில் இல்லை.

இதற்கிடையில் கேட்டில் அமைதி வளர்ந்துகொண்டிருந்தது. விசில் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவை புறாக்கள். அடுத்தது ஒரு தெருநாய். அது லிப்டுக்குள் படுத்துத் தூங்கி, ஒரு பகல் முழுக்கத் தரைக்கும் எட்டாம் மாடிக்குமாகப் போய்வந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர் ஒருவர் நூற்றிருபது வீடுகளின் மணியையும் வரிசையாக அடித்து முடித்து, இறங்கும்போது மாமாவிடம் ஒரு விளம்பரத் தாளும் கொடுத்துவிட்டுப் போனார். ஆறாம் மாடிக்கு வந்த சோபா மூன்றாம் மாடிக்குப் போய், அங்கே இரண்டு நாள் அதில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரென்று தெரியாத ஒருவர் பல் டாக்டரின் இடத்தில் காரை நிறுத்திவிட்டு மூன்று நாள் ஆளையே காணோம்.

மாமா அத்தனையையும் பார்த்தார். அத்தனையையும் பதிவேட்டில் அழகாக எழுதினார். 'நாய், உள்ளே, காலை 9.10. நாய், வெளியே, மாலை 5.40.' விசில் மட்டும் அடிக்கவில்லை.

இருபத்தேழாம் தேதி புகார் வந்தது. ஒன்றல்ல, பதினொன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: காவலாளி விசில் அடிப்பதில்லை.

மாமா தாளை என்னிடம் நீட்டினார். "அடிச்சதுக்கு மூணு. அடிக்காததுக்குப் பதினொண்ணு" என்றார். "நான் என்னதான் பண்ணணும்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா பாரு."

எழுதியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், அதில் முடிவெடுப்பார்கள் என்று மட்டும் இருந்தது.

எனக்கு மேடம் சொன்னது கேட்டது. மருந்தை எவ்வளவு ஊத்தின? இது என் வேலை என்று பட்டது. கூட்டத்தில் பேசுவதற்காக இரண்டு பக்கம் எழுதினேன். காவல் என்பது சத்தமும் அல்ல, அமைதியும் அல்ல, அளவு என்று ஆரம்பித்தேன். அழற்சி என்ற சொல்லை நான்கு இடத்தில் எழுதி, நான்கு இடத்திலும் அடித்துவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பார்த்ததில் மூன்றரை நிமிடம் வந்தது. என் பட்டமளிப்புப் புகைப்படம் பின்னாலிருந்து என்னை நம்பிக்கையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை. மாமா சலவைச் சட்டையில், கடைசி வரிசையில் ஓர நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் நான், தாளோடு. அத்தை வரவில்லை, வந்தால் ஏதாவது பேசிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "விஷயம் சின்னது. எது எதுக்கு விசில் அடிக்கணும், எது எதுக்கு அடிக்கக் கூடாதுன்னு ஒரு விதிமுறை இல்ல. அதை முதல்ல பேசி முடிச்சுட்டு, இவர் இருக்கிறதா போறதான்னு அப்புறம் பாப்போம். முதல்ல நாய். நாய்க்கு அடிக்கணும். சரிதானே?"

"எந்த நாய்க்கு?" என்று ஓர் அம்மா எழுந்தார். "எங்க நாய்க்குமா?"

"தெருநாய்க்கும்மா."

"எங்களது தெருவிலேருந்து எடுத்து வளர்த்த நாய். அதுக்கு மனசு கஷ்டப்படாதா?"

"தப்பா கார் நிறுத்தினா அடிக்கணும்" என்றார் தும்மல் பேராசிரியர்.

"அப்படின்னா முதல்ல உங்க மருமகனுக்குத்தான் அடிக்கணும்" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

"என் மருமகனைப் பத்திப் பேச நீங்க யாரு? அடுத்தவங்க சோபாவுல ரெண்டு நாள் உட்கார்ந்தவர்தானே நீங்க?"

"எங்க வீட்டுல கொண்டுவந்து போட்டா உட்காராம என்ன பண்றது? சுத்தி வந்து கும்பிடவா?"

முதலில் இரண்டு பேர். அவர்கள் சத்தத்தில் அடுத்த வரிசை திரும்பியது. அவர்கள் திரும்பியதைப் பார்த்து அதற்கடுத்த வரிசை எழுந்தது. ஐந்து நிமிடத்தில் முப்பது பேரும் நின்றுகொண்டிருக்க, ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குச் சிவப்பு பரவுவதை நான் வேலை நேரம்போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் அமைதி, அமைதி என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினார். நான் தாளை உயர்த்தி, "ஐயா, ஒரு மூணரை நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே எட்டவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மாமா எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கை கழுத்துக் கயிற்றில் இருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

அவர் குனிந்து என் காதில் சொன்னார். "கேட்டுல ஆள் இல்ல. கால் மணி நேரமாச்சு. நான் போறேன், இவங்க முடிச்ச பிறகு என்னன்னு வந்து சொல்லு."

நாற்காலியை ஓசைப்படாமல் மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் இன்னும் முக்கால் மணி நேரம் ஓடியது. நாய்க்கு மேல் நகரவேயில்லை. விசில் அடிக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் ஒரு வரிகூட ஏறவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்கு அடிக்க வேண்டும் என்றார்கள், தங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றார்கள். கடைசியில் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொருவராக லிப்டுப் பக்கம் போனார்கள். பல் டாக்டர் ஃபைலை மூடிக்கொண்டு, குரல் வராமல் என்னைப் பார்த்துச் சைகையில் மாமா எங்கே என்று கேட்டார்.

"கேட்டுல இருக்காரு சார். ரொம்ப நேரமா."

அவர் கேட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மேசையைப் பார்த்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"அங்கயே இருக்கட்டும்" என்று கரகரத்தார். "ஆள் எடுக்கணும்னா இன்னொரு கூட்டம் போடணும்."

நான் ஓடினேன். மாமா தண்ணீர் லாரி ஒன்றை நிறுத்தி வைத்து, அதன் சக்கரங்களைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க இருக்கலாமாம்."

"இருக்காம?" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. படிக்காமல் போன இரண்டு பக்கம் கையிலேயே கசங்கியிருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உள்ள அவ்வளவு கத்தினாங்களே மாமா. கை கயித்துக்குப் போனதைப் பாத்தேன். ஏன் அடிக்கலை? கன்ட்ரோலா?"

மாமா லாரியின் முன்பக்கம் வந்தார். "அது காலையில குடிக்க மறந்துட்டேன்" என்றார். "அடிக்கலாம்னுதான் எழுந்தேன். எழுந்து ஒவ்வொரு முகமா பாத்தேன். எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்க, வெளியாள் ஒருத்தன்கூட இல்ல. யாருக்குன்னு அடிக்கிறது?"

சொல்லிவிட்டு லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளக் குனிந்தார்.